காலாட்டும் கணக்கு

கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நான் நம்புவதில்லை. மரியாதைக்காக முகம் ஆர்வம் காட்டிவிடும். மேசைக்கடியில் முழங்கால் துள்ளுகிறதா, செருப்பு விரல்நுனியில் தொங்கி ஆடுகிறதா என்றுதான் பார்ப்பேன். ராசிபுரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், திரையில் ஓடுவதோடு ஒருவர் எவ்வளவு ஒன்றியிருக்கிறார் என்பதை உடலசைவை வைத்து அளப்பது எங்கள் வேலை.

கருவிகள் எளியவை. பக்கவாட்டில் ஒரு வெப்கேமரா. நெற்றியோரம், தோள், தொடை என ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு. ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பொட்டு எவ்வளவு நகர்ந்தது என்று நிரல் கூட்டிக்கொண்டே போகும்.

கூட்டுவது சுலபம், கழிப்பதுதான் கஷ்டம். மௌஸை இழுக்கத் தோள் அசைந்தால் அது வேலைக்கான அசைவு, கணக்கில் வராது. கழுத்தைத் தடவுவதும் நாற்காலியில் நெளிவதும்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஹேரி விட்செல் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற 27 பேருக்கும் டிராக்பால் கொடுத்தது இதற்காகத்தான்: விரல் உருட்டினால் போதும், கை நகர வேண்டியதில்லை. மூன்று மூன்று நிமிடத் துண்டுகளில் விறுவிறுப்பான விளையாட்டும் இருந்தது, ஐரோப்பிய வங்கி விதிமுறையை வாசிக்கும் தண்டனையும் இருந்தது. மனம் ஒன்றியபோது வேலைக்குச் சம்பந்தமில்லாத அசைவு அடங்கியது.

அந்த முறையை அப்படியே எங்கள் ஊர் வெயிலில் இறக்கினால் முதலில் குறுக்கே வருவது மின்விசிறி. மார்ச் பிறந்துவிட்டால் அது இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். சுற்றவிட்டால் துப்பட்டா பறந்து பொட்டை மறைக்கும்; பொட்டைத் தொலைத்த நிரல் மல்லிகைச் சரத்தில் ஒரு வெள்ளைப் பூவைப் பிடித்துக்கொண்டு, அது ஆடுவதையெல்லாம் சலிப்பென்று எழுதிவைக்கும். நிறுத்தினால் வியர்வை துடைக்கும் கைதான் கணக்கு முழுக்க. ஏசி அறைக்குப் போகலாமே என்பார்கள். இங்கே பலர் கணினி முன் உட்காருவது இ-சேவை மையத்திலும் விசிறி மட்டும் உள்ள லேபிலும். ஏசியில் கிடைக்கும் எண் அங்கே எதற்கு உதவும்? இப்போது விசிறியை ஒரே வேகத்தில் வைத்து, துப்பட்டாவைப் பின் குத்தச் சொல்லி, வெற்றுத்திரை முன் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, அந்தச் சலனத்தைத் தனியாகக் குறித்துக்கொள்கிறோம். கொசுவுக்கு மட்டும் இன்னும் வழியில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மனிதர்களுடையது. நாமக்கல் வட்டார உறைவிடப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்து வரும் பையன்கள் ஸ்டடி ஹவரில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பழகியவர்கள். எதைக் கொடுத்தாலும் வரைபடம் தரையோடு படுத்திருக்கும். அப்படி உட்கார்ந்திருந்த ஒருவனிடம் என்ன படித்தாய் என்றேன். "ஒண்ணும் ஞாபகமில்லைங்க சார்" என்றான். திருச்செங்கோட்டிலிருந்து வந்த, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் ஓட்டுநரோ லாரி ஓட்டும் விளையாட்டில் ஊறிப்போயிருந்தபோதும் தொடையை நிறுத்தவில்லை. வங்கி விதிமுறையைக் கொடுத்தபோது தொடை இன்னும் அதிகமாக ஆடியது; அதன் பிறகுதான் முன்பு கண்டது அவருக்கு அடக்கமான ஆட்டம் என்று தெரிந்தது.

ஆளுக்கு ஆள் அசைவு மாறும் இந்தச் சிக்கலை ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1885லேயே தொட்டிருக்கிறார். சலிப்பான கூட்டமொன்றில், கடிகாரத்தை எடுத்தால் கவனிப்பார்களென்று தன் மூச்சை நேரக்கணக்காக வைத்து, கண்ணுக்கு எட்டிய ஐம்பது பேரின் அசைவுகளை எண்ணினார். நிமிடத்துக்குச் சுமார் 45. குழந்தைகள் சும்மா இருப்பதில்லை, வயதான ஞானிகள் நிமிடக்கணக்கில் அசைவதேயில்லை, நடுவயதினரோடு கணக்கை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கவும் செய்தார். நான் வயதோடு வளர்ப்பையும் சேர்ப்பேன்.

ஆன்லைன் தேர்வு நடத்தும் ஒருவர், எத்தனை அசைவுக்கு மேல் போனால் கவனமில்லை என்று ஒரே எண் கேட்டார். அப்படி ஓர் எண் கொடுத்தால் உறைவிடப் பள்ளிப் பையன் முதல் மதிப்பெண் வாங்குவான், ரிக் ஓட்டுநர் வெளியே நிற்பார். தர முடியாதென்றேன். எங்கள் அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் அவரவரே அளவுகோல்: பிடித்ததைப் பார்த்தபோது ஒரு கோடு, பிடிக்காததைப் பார்த்தபோது ஒரு கோடு, கூடவே என்ன நினைவிருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்ட பதில்.