அக்கா பாப்பாவும் ஓ பாசிட்டிவ்வும்

நமக்கும் பயாலஜிக்கும் பத்தாம் வகுப்போடு கணக்கு முடிந்துவிட்டது. பி.காம் படிக்கிறவனுக்கு வைரஸ் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

போன வருஷம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறாம் நாளே வயிற்றுப்போக்கு. மறுபடியும் ஆஸ்பத்திரி. ரோட்டா வைரஸ் என்றார்கள். நாலு நாளில் பாப்பா தேறிவிட்டாள். ஆனால் வீட்டில் பேச்சு ஓயவில்லை. "தாய்க்கு பி, பிள்ளைக்கு ஓ. ரத்தம் சேரல, அதான் பால் ஒத்துக்கல" என்று அக்காவின் மாமியார் சொல்லிவிட்டார். அக்கா ராத்திரி முழுக்க அழுதாள்.

ரத்த குரூப்புக்கும் பேதிக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டை போடத்தான் தேட ஆரம்பித்தேன். பார்த்தால், சம்பந்தம் இருக்கிறது! ஆனால் அத்தை சொன்ன சம்பந்தம் இல்லை.

1901ல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்த ஏ, பி, ஓ எல்லாம் சிவப்பணுக்களின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் வித்தியாசம்தான். ஓர் அடிப்படைச் சங்கிலி. அதன் நுனியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை சேர்ந்தால் அதற்குப் பெயர் 'எச்'. அதன் மேல் இன்னொரு சர்க்கரை ஏறினால் ஏ அல்லது பி. எச்சோடு நின்றுவிட்டால் ஓ. எங்கள் பாஷையில் சொன்னால், ஓப்பனிங் பேலன்சுக்கு மேல் ஒவ்வொரு என்ட்ரியாகப் போடுவது மாதிரி.

இந்தச் சங்கிலிகள் ரத்தத்தில் மட்டுமல்ல, குடலின் உள்சுவரிலும் உண்டு. 1973ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழு கண்டுபிடித்த ரோட்டா வைரஸ், தன் மேல் நீட்டியிருக்கும் முள்ளால் இந்தச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்கிறது. எல்லா ரோட்டாவும் ஒரே சர்க்கரையைப் பிடிப்பதில்லை. ஒரு வகை ஏ சர்க்கரையைப் பிடிக்கிறது என்று 2012ல் தெரியவந்தது.

வேலூர் சி.எம்.சி.யில் பச்சைக் குழந்தைகளிடம் கிடைத்த வகையின் கதை வேறு. சசிரேகா ரமணி, மேரி எஸ்டெஸ் குழு 2013ல் காட்டியது இதைத்தான்: அந்த வகை ஏ, பி, எச் எதையும் தேடுவதில்லை. நுனியில் எதுவும் ஏறாத அந்த அடிப்படைச் சங்கிலியையே பிடிக்கிறது. பிறந்த குழந்தையின் குடலில் சங்கிலிகள் இன்னும் முழுசாகக் கட்டி முடிந்திருக்காது. வளர வளர நுனியில் சர்க்கரைகள் ஏறிவிடும். அதனால்தான் இந்த வகை பச்சைக் குழந்தைகளையே குறிவைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஓ பிள்ளையா, பி பிள்ளையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாப்பாவுக்கு வந்தது எந்த வகை என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் எந்த வகையாக இருந்தாலும் வைரஸ் பார்ப்பது குழந்தையின் குடலை. தாய் குரூப்பும் பிள்ளை குரூப்பும் பொருந்துகிறதா என்று அது ஜாதகம் பார்ப்பதில்லை.

சரி, பால்? இதை மறைக்க மனசு வரவில்லை. வேலூர் தாய்மார்களை வைத்து 2018ல் வந்த ஆய்வில், தாய்ப்பாலில் இருக்கும் சில சர்க்கரைகளுக்கும் குழந்தையின் நோய் அறிகுறிகளுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் பாலில் எந்தச் சர்க்கரை இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கிறது. அக்கா செய்த தப்பு அதில் ஒன்றுமில்லை. பாலை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 1980களில் டெல்லி எய்ம்ஸில் சில பச்சைக் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியும் பேதி வரவில்லை. எம்.கே. பான் குழு கண்டெடுத்த அந்த வைரஸிலிருந்துதான் ரோட்டாவாக் தடுப்பு மருந்து வந்தது. 2016ல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. 6, 10, 14 வாரங்களில் கொடுக்கிறார்கள். பாப்பாவுக்கும் கொடுத்தாயிற்று.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "என்னமோப்பா, படிச்ச பிள்ள சொல்ற" என்றார். நம்பினாரா தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா நம்பினாள். எனக்கு அது போதும்.

பாப்பா இப்போது நடக்கிறாள். நேற்று என் காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தில் இரண்டு பக்கம் காலி. பரீட்சை அடுத்த வாரம்!