"தெரியவில்லை" என்று எழுதிய பேத்தி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. போன மே மாதம் லீவுக்குத் தொண்டூர் வந்தவள், செஞ்சியில் ஒரு வக்கீலிடம் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் போனாள். விருப்பம் இருந்தால் போகலாம் என்கிற சமாசாரம் இல்லை இது. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி கட்டாயம்.

முதல் நாள் கிளம்பும்போது நான் மூன்று புத்திமதி சொன்னேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போ. இங்கிலீஷில் பேசு. எதைக் கேட்டாலும் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் இல்லையா, புத்திமதிக்குக் குறைவா?

மூன்றும் தப்பு.

அக்கினி நட்சத்திர வெயிலில் அவள் வெள்ளைப் பேன்ட், முழுக்கைச் சட்டை, ஷூ போட்டுக்கொண்டு போனாள். கோட்டு வாங்க வசதிப்படாதவர்களுக்கு விதியிலேயே அந்த உடுப்பு உண்டாம். இங்கிலீஷும் அங்கே அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நம் பக்கத்துக் கட்சிக்காரர்கள் பேசுவதும் தமிழ்தான், பத்திரங்கள் இருப்பதும் தமிழில்தான். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, மாஜிஸ்திரேட் கோர்ட்தான் நடக்கும். அதனால் இவளுக்குப் பெரும்பாலும் ஆபீஸில் கட்டு பிரித்துப் படிக்கிற வேலை.

முதல் வாரம் அவள் நெருங்கிப் பழகியது வக்கீலின் குமாஸ்தாவிடம். எந்தக் கட்டு எங்கே இருக்கும், எந்தக் காகிதம் மேலே வர வேண்டும், வாய்தா தேதியை டைரியில் எப்படிக் குறிப்பது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தாராம். எடுத்த காகிதத்தை எடுத்த வரிசையிலேயே திருப்பி வைத்தாள். வேலை கொடுத்தால், "எப்போ வேணும் சார்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். போன் பைக்குள்ளேயே கிடந்தது.

இரண்டாம் வாரம் ஒரு நில வழக்குக் கட்டைக் கொடுத்து, தேதிவாரியாகக் குறிப்பு எழுதச் சொன்னார் வக்கீல். அன்று ராத்திரி வீட்டில் என்னிடம் வந்து, "தாத்தா, நாற்பதரை ஏர்னா எத்தனை சென்ட்?" என்றாள்.

ஒரு ஏர் 2.47 சென்ட். பெருக்கினால் 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். பழைய கிரயப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். இப்போதைய பட்டாவில் ஹெக்டேர், ஏர். மாற்றத் தெரியாவிட்டால் ஒப்பிடவே முடியாது.

"பத்திரத்துல ஒரு ஏக்கர் இருபது சென்ட் இருக்கு தாத்தா. பட்டாவுல இருபது சென்ட் குறையுது. நடுவுல வித்த மாதிரி எந்தக் காகிதமும் கட்டுல இல்ல."

யாருடைய நிலம், எந்த ஊர் என்று கேட்டேன். "கட்சிக்காரர் விஷயம் வெளியில சொல்லக்கூடாது தாத்தா" என்று வாயை அடைத்துவிட்டாள். (இங்கே நான் எழுதியிருக்கும் அளவுகளும் மாற்றியவைதான்.)

அவள் குறிப்பின் கடைசியில், "20 சென்ட் குறைகிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். எனக்குத் திக்கென்றது. "அந்த வரியை எடுத்துடும்மா. இதுகூடத் தெரியாத பொண்ணான்னு நினைப்பார்" என்றேன். அவள் எடுக்கவில்லை.

நான்காம் வாரம் முடிந்ததும் வக்கீல் எனக்குப் போன் செய்தார். "ஐயா, அடுத்த லீவுக்கும் பேத்தியை எங்கிட்டயே அனுப்புங்க. தெரியாததைத் தெரியலன்னு எழுதிக் கொடுத்தா, அதை நான் தேடிக்குவேன். தெரிஞ்ச மாதிரி எழுதிட்டா, எதிர்த்தரப்பு வக்கீல்தான் கோர்ட்டுல கண்டுபிடிப்பார்" என்றார்.

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனிடம் ஒரு கணக்கு கேட்டேன். எழுந்து நின்று, "தெரியல சார்" என்றான். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தேன். அதன் பிறகு அந்த வகுப்பில் யாருமே "தெரியல" என்று சொன்னதில்லை. ஏதோ முணுமுணுப்பார்கள், பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவார்கள். வகுப்பு நன்றாக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எத்தனை பேருக்கு உண்மையிலேயே புரியாமல் போனதோ!

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இந்தப் பதிவு கண்ணில் பட்டால், தம்பி, அன்று நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது.

அந்த 20 சென்ட் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? எனக்கும் தெரியாது. பேத்தி இன்று வரை சொல்லவில்லை.