புனேயில் லென்ஸ் பிரிக்கும் கைகள்

புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் புனே மங்கள்வார் பேட்டைப் பக்கம் கூடுகிற ஜூனா பஜாரில் கிடைக்காத பழைய சாமான் இல்லை. துருவேறிய பூட்டுகள், செல்லாத நாணயங்கள், நின்றுபோன கைக்கடிகாரங்கள், ஸ்பானர் குவியல்கள். தரையில் விரித்த தார்ப்பாயின் ஓரத்தில் சில வாரம் ஒரு ஜெனித் கேமராவும் கிடக்கும். சோவியத் தயாரிப்பு. யார் வீட்டுக் கல்யாணத்தையோ பதிவு செய்துவிட்டு, பரணில் பல காலம் கிடந்து, வீடு காலி செய்தபோது எடைக்குப் போட்டது. விலை கேட்கிற இளைஞருக்கு அந்தக் கேமரா வேண்டாம். அதன் முகத்தில் திருகியிருக்கும் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் மட்டும் போதும்.

ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு இதுதான் வார இறுதிப் பொழுது. நண்பர் ஒருவர் அவரை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தார். புனேயில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்குத் திருநெல்வேலிக்காரர் என்னைக் கோட்டைக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போகவில்லை. பழைய பேட்டை ஒன்றின் குறுகலான மாடிப்படி ஏறி, ஒரு மேசையின் முன்னால் நிறுத்தினார். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு எழுபதை ஒட்டிய வயது. திருநெல்வேலிக்காரர் அவரை மராத்தியில் “காகா”, அதாவது சித்தப்பா, என்கிறார். அவர் இவரை “பாவு”, அதாவது சகோதரா, என்கிறார்.

பழைய லென்ஸ் புதுக் கேமராவில் உட்காருவதற்கு ஒரு கணக்கு உண்டு. அது தெரிந்தால்தான் காகாவின் வேலை புரியும். லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் உள்ளே படம் விழும் பரப்புக்கும் நடுவே ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஒரு குறிப்பிட்ட தூரம் வைத்திருக்கிறார்கள். ஜெனித், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் எல்லாம் பயன்படுத்தியது எம்42 என்னும் திருகு மரை. விட்டம் 42 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. அதன் தூரம் 45.46 மி.மீ. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கோ 46.5. எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டினால் அது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி நிற்கும். பக்கத்துப் பூ தெளியும், தூரத்து மலை தெளியாது. கேனான் ஈஎஃப் கேமராக்களில் தூரம் 44 மி.மீ. என்பதால் நடுவே மெல்லிய வளையம் ஒன்று நுழைய இடம் கிடைத்தது.

கதவை அகலத் திறந்தவை மிரர்லெஸ் கேமராக்கள். 2008-ல் பானசோனிக் ஜி1, 2010-ல் சோனியின் நெக்ஸ் வரிசை. உள்ளே மேலெழும்பும் கண்ணாடி இல்லாததால் அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. சோனி ஈ மவுண்டில் வெறும் 18 மி.மீ. மிச்சமுள்ள 27.46 மி.மீ. நீளத்துக்கு, உள்ளே ஒன்றுமே இல்லாத ஓர் உலோகக் குழாய் போதும். அதுதான் அடாப்டர். ஃபோகஸ் கையால் செய்ய வேண்டும். தெளிவாக இருக்கும் விளிம்புகளைக் கேமராவே நிறம் பூசிக் காட்டிவிடும். எம்42 மட்டுமில்லை, கேனான் எஃப்டி, மினோல்டா, கோனிகா என்று கைவிடப்பட்ட லென்ஸ் குடும்பங்கள் அத்தனையும் இப்படி மறுபடி வேலைக்கு வந்தன.

குழாய் செய்வது சுலபம். ஆனால் அதன் முனையில் மாட்டும் லென்ஸ் ஐம்பது வயதுக் கிழம். கிரீஸ் இறுகி ஃபோகஸ் வளையம் சுற்றாது. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். புனேயின் நான்கு மாத மழையில் கண்ணாடிக்குள் பூஞ்சை வேர்விட்டிருக்கும். நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் தடம் போகாது.

காகா தொழிலுக்கு வந்தது படச்சுருள் காலத்தில். ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பழுதான கேமராக்களைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவர். புனே கேமராக்காரர்களின் ஊர். 1933-ல் கோலாப்பூரிலிருந்து பிரபாத் திரைப்பட ஸ்டூடியோ இங்கே வந்தது. அதே வளாகத்தில் 1960-ல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்து 1969-ல் வெளியே வந்தது அங்கிருந்துதான். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள், கல்யாண போட்டோகிராபர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று தன் மேசையில் இடமில்லாத நாட்கள் இருந்ததாகக் காகா சொல்கிறார். டிஜிட்டல் வந்ததும் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. டிரைபாட் பூட்டு மாற்றுவது, ஃபிளாஷ் சார்ஜர் ஒட்டுவது என்று பல வருடம் ஓட்டினார்.

மேசை இழுப்பறையைத் திறந்து அவர் எடுத்துக் காட்டிய திருகாணிப் பெட்டியில் திருநெல்வேலிக்காரரின் கண் நின்றுவிட்டது. ‘இந்து’ என்று அச்சிட்ட புகைப்படத் தாள் பெட்டி. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்தது. அந்த ஆலை மூடிவிட்டது. பெட்டி இங்கே நிக்கான் திருகாணிகளையும் பென்டாக்ஸ் திருகாணிகளையும் தனித்தனியாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

கருவிகளில் பாதி அவர் கையால் செய்தவை. பழைய காலிப்பர் ஒன்றின் கால்களைச் சாணை பிடித்துக் கூராக்கியிருக்கிறார். லென்ஸ் வளையத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பள்ளங்களில் அதை ஊன்றித் திருப்ப வேண்டும். ஒரு மயிரிழை வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும். முன்வளையத்தைக் கழற்ற, சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றிய டப்பா மூடிகள் சைஸ் வாரியாக. ஜப்பான் லென்ஸ் திருகாணிகளின் கூட்டல் குறித் தலைக்குச் சாதாரண திருப்புளி சரியாகப் பொருந்தாது, தலையைத் தின்றுவிடும். அதற்கென்று தனித் திருப்புளி வைத்திருக்கிறார். அதைத் திருநெல்வேலிக்காரரைத் தொடவிடுவதில்லை.

இந்த வேலையின் உயிர் ஹெலிகாய்டில் இருக்கிறது. ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினால் லென்ஸ் முன்னும் பின்னும் போகிறதே, அதைச் செய்கிற உருளைகள். ஒன்றுக்குள் ஒன்று மரையால் கோத்தவை. சாதாரண போல்ட்டுக்கு மரை ஓர் இடத்தில்தான் தொடங்கும். இதற்குப் பல இடங்களில் தொடங்கும். காகா அவற்றை ‘வாசல்’ என்கிறார். பிரியும் கணத்தில் எந்த வாசலில் வெளியே வந்தது என்று ஊசியால் ஒரு கீறல் போட்டுவிட வேண்டும். போடாமல் பிரித்தவர், கழுவி, கிரீஸ் தடவி, எந்த வாசலிலும் நுழைக்கலாம்; அழகாகச் சுற்றும். ஆனால் அளவுகோலில் ‘முடிவிலி’ என்று காட்டும்போது லென்ஸ் வேறு எங்கோ நிற்கும்.

அதைச் சரிபார்க்க காகாவிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. பர்வதி குன்றின் படியேறி, தென்மேற்கே சிங்ககட் கோட்டையின் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பார்த்து லென்ஸைத் திருப்புவார்கள். கோபுரம் கூர்மையாக நிற்கும் இடத்தில் வளையமும் முடிவிலியில் நின்றால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் கோட்டையை மேகம் மூடிவிடும் என்பதால் அந்த மாதங்களில் பட்டுவாடா தாமதமாகும்.

நான் போயிருந்த அன்று ஜன்னல் திட்டில், அலுமினியத் தாளின் மேல், ஒரு சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்1.4 வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பென்டாக்ஸ்காரர்கள் அதன் ஏழு கண்ணாடி வடிவில் தோரியம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். ஒளியை நன்றாக வளைக்கும். தோரியம் கதிர்வீச்சுள்ளது; பல ஆண்டுகளில் அந்தக் கண்ணாடியைத் தேன் நிறமாக்கிவிடும். புற ஊதா ஒளி பட்டால் நிறம் தெளியும். சித்திரை வெயிலை அதற்குப் பயன்படுத்துகிறார் காகா. கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் பயமில்லை. உடைந்தால் மட்டும் தூளைக் கையால் தொடக் கூடாது.

இவ்வளவு செய்து அவர் வாங்கும் கூலி சில நூறு ரூபாய்.

இங்கேதான் கோபம் வருகிறது. ஜூனா பஜாரில் கடை விரிக்கும்போதே வந்து கேமராக்களை மொத்தமாக அள்ளிப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். தார்ப்பாய்க்காரருக்குக் கிடைப்பது பழைய இரும்பு விலை. அள்ளியவர் மேலாக ஒரு துடைப்பு துடைத்து, வெளிச்சம் படாத கோணத்தில் படமெடுத்து, ‘மிண்ட் கண்டிஷன்’ என்று எழுதிப் பல மடங்குக்கு விற்கிறார். 2022-ல் வந்த ‘தி பேட்மேன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் ஹீலியோஸ் 44-2 பயன்படுத்திய செய்தியும் அவர்களுக்கு ஒரு விளம்பரமாகிவிட்டது. வாங்கியவர் வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சைக் கொடி. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. லென்ஸ் கடைசியில் காகாவின் மேசைக்கு வருகிறது. அங்கே வந்துதான் வாங்கியவர் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறார். கண்டெடுத்தவருக்கும் உயிர் கொடுத்தவருக்கும் சில்லறை. நடுவில் ஒரு திருகாணிகூடத் திருகாதவருக்குப் பணம். பழைய பொருளை நேசிப்பதாகச் சொல்கிற பொழுதுபோக்காளர்கள் பேரம் பேச வேண்டிய இடம் காகாவின் மேசை அல்ல.

இத்தனை பாடு எதற்கு? ஹீலியோஸின் மூலம் ஜெர்மனியின் ஜெனா நகரில் கார்ல் ஸைஸ் வடிவமைத்த பயோட்டார். போருக்குப் பிறகு சோவியத்துகள் அந்த வடிவத்தில் செய்தார்கள். படத்தின் ஓரங்களில் ஒளிப்பொட்டுகள் பூனைக்கண் வடிவாக நசுங்கி, நடுவில் இருக்கும் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். புது லென்ஸ் வடிவமைப்பாளர்கள் பாடுபட்டு நீக்கிய குறை அது. ஆலமர நிழலில் ஒரு பாட்டியை உட்காரவைத்து எடுத்தால், இலைகளெல்லாம் அவரைச் சுற்றி வருகின்றன.

கைஃபோகஸ் மெதுவானது என்கிறவர்கள் கணபதி விசர்ஜன் நாளில் லட்சுமி சாலைக்கு வர வேண்டும். டோல்-தாஷா முழக்கத்தில், குலால் பறக்கும் கூட்டத்தில் தானியங்கி ஃபோகஸ் எதைப் பிடிப்பதென்று தடுமாறும். திருநெல்வேலிக்காரர் முழு ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸை மாட்டி, அப்பர்ச்சரை எஃப்8-ல் வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்திவிடுகிறார். அப்போது ஏறத்தாழ 1.65 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை எல்லாம் தெளிவு. பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். அந்தத் தூரக் கணக்கு பழைய லென்ஸின் பீப்பாயிலேயே பொறித்திருக்கிறது. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள்.

காகாவின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு மதியங்களில் திருநெல்வேலிக்காரர்தான் கற்றுக்கொள்கிறார். முன்கண்ணாடி உடைந்த ஹீலியோஸ் ஒன்றைக் கொடுத்து, இதைப் பழகாமல் நல்ல லென்ஸைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார் காகா. அன்று அவர் அதைப் பிரித்து, கழுவி, கிரீஸ் தடவி, பூட்டி, பெருமையோடு நீட்டினார். காகா வளையத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“கீறல் போட்டாயா?”

“போட்டேன் காகா.”

“இரண்டு உருளையிலுமா?”

பதில் இல்லை. காகா காலிப்பரை அவர் பக்கம் தள்ளினார். “பிரி, பாவு.”