குல்துரா: வாசகரை இழக்கத் துணிந்த சஞ்சிகை

நான் பல்கலைக்கழக மாணவனாயிருந்த காலத்திற் சிறு சஞ்சிகையொன்றின் ஆசிரியர் குழுவிற் பணியாற்றினேன். ஒருநாள் எமக்கு ஒரு கடிதம் வந்தது. ஊர்க்கோயில் ஒன்றின் வாயிலில், சாதியின் பெயரால் எம்மவரே எம்மவரைத் தடுத்து நிறுத்தியமை பற்றி இளைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். கடிதத்திற் பிழை எதுவும் இருக்கவில்லை. எனினும், “இப்போது வேண்டாம், அடுத்த இதழிற் பார்ப்போம்” என்று கூறி அதனை ஒதுக்கினேன். அடுத்த இதழிலும் அது வெளிவரவில்லை. எந்த அரசும் என்னைத் தடுக்கவில்லை. எந்தத் தணிக்கையாளரும் அக்கடிதத்தைக் கண்டதில்லை. விளம்பரம் தருவோரும் பிரதி வாங்குவோரும் மனம் நோவரே என்ற அச்சம் ஒன்றே காரணம்.

பல ஆண்டுகளின் பின்னர், ‘குல்துரா’ என்னும் போலந்து மொழிச் சஞ்சிகையின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது அக்கடிதம் மீண்டும் என் நினைவில் எழுந்தது. 1947ஆம் ஆண்டு உரோம் நகரில் அதன் முதல் இதழ் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அது பிரான்சுக்கு இடம்பெயர்ந்து, பாரிஸ் நகரை அடுத்த மெசோன் லபித் என்னும் சிற்றூரில் நிலைகொண்டது. அதன் ஆசிரியர் யெர்சி கெட்ரோயிச் 1906இல் மின்ஸ்க் நகரிற் பிறந்தவர். அவரும் அவருடைய துணைவர் சிலரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, அங்கேயே பதிப்பித்து, தம் கைகளாலேயே பொதிகட்டி இதழ்களை அஞ்சலிற் சேர்த்தனர். அரசியலும் இலக்கியமும் அதன் பக்கங்களில் அருகருகே இடம்பெற்றன. ஆர்ஜென்டீனாவில் வாழ்ந்த கொம்ப்ரோவிச்சின் நாட்குறிப்பு 1953 முதல் அதிலேயே தொடர்ந்து வெளிவந்தது.

வார்சோவிலிருந்த கொம்யூனிஸ்ட் அரசு இச்சஞ்சிகையைத் தடைசெய்திருந்தமை வியப்பன்று. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய அளவில் அதன் பிரதிகள் அச்சிடப்பட்டு, இரகசியமாகப் போலந்துக்குள் கொண்டுசெல்லப்பட்டன. டாட்ரா மலைத்தொடரைக் கடந்து அதன் வெளியீடுகளைச் சுமந்து சென்ற இளைஞர்கள் 1970இல் வார்சோவில் விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். பகைவனின் தடையை எதிர்த்து நிற்பதில் ஒரு பெருமிதம் உண்டு. அதற்குத் தம்மவரின் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தம்மவரே முகஞ்சுளிக்கும் செய்தியை அச்சிடும் ஆசிரியருக்குக் கைதட்டுவார் யார்?

அத்தகைய சோதனை குல்துராவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1951இற் கவிஞர் செஸ்லாவ் மிலோஷ் போலந்து அரசின் இராஜதந்திரப் பதவியைத் துறந்து, அச்சஞ்சிகையின் இல்லத்திலே அடைக்கலம் புகுந்தார். நேற்றுவரை அவ்வரசுக்குப் பணிபுரிந்தவரை நம்புவதெங்ஙனம் எனப் புலம்பெயர்ந்த போலந்து மக்களிற் பலர் சீறினர். கெட்ரோயிச் அவரைக் கைவிடவில்லை. மிலோஷ் 1980இல் நோபல் பரிசு பெற்றது பின்வந்த கதை.

இதனினும் கடுமையான சோதனை 1952இல் வந்தது. போருக்குப் பின் லிவிவ் நகர் சோவியத் உக்ரேனுக்கும் வில்னியஸ் நகர் சோவியத் லித்துவேனியாவுக்கும் உரியனவாயின. புலம்பெயர்ந்தோரிற் பலர் அந்நகரங்களிற் பிறந்தவர்கள். அங்கே தம் முன்னோரின் கல்லறைகளை விட்டுவந்தவர்கள். அந்நிலையில், லிவிவ் உக்ரேனியருக்கும் வில்னியஸ் லித்துவேனியருக்கும் உரியனவாகட்டும் என்னும் கருத்தமைந்த வாசகர் கடிதமொன்றைக் கெட்ரோயிச் வெளியிட்டார். கண்டனங்கள் குவிந்தன, சந்தாவை நிறுத்தியோரும் உளர். சஞ்சிகையோ வாசகர் தரும் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தது. ஆயினும் அவர் தம் நிலையிற் பின்வாங்கவில்லை. இலண்டனில் வாழ்ந்த யூலியுஸ் மியெரொசெவ்ஸ்கி, உக்ரேன், லித்துவேனியா, பெலாருஸ் ஆகியவற்றின் சுதந்திரத்தைப் போலந்து மதித்தல் வேண்டும் என்னும் கருத்தை அச்சஞ்சிகையிலேயே பல்லாண்டுகளாக வளர்த்தெடுத்தார்.

1991 டிசம்பர் 2ஆம் திகதி, உக்ரேனிற் சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு நடந்த மறுநாளே, போலந்து அதன் சுதந்திரத்தை அங்கீகரித்தது. இழந்த நகரங்களை அது கேட்கவில்லை. இம்மாற்றத்தை ஒரு சஞ்சிகையே நிகழ்த்திற்று என்பது மிகையாகும். எனினும், ஒரு மக்கட் கூட்டம் கேட்க விரும்பாத சொல்லைக் கேட்டுப் பழகுவதற்கு நாற்பதாண்டு செல்லும் என்பதையும், அச்சொல்லை எவரேனும் முதலில் அச்சேற்றியாக வேண்டும் என்பதையும் மறுத்தல் இயலாது.

1994இற் போலந்தின் அதியுயர் விருதான வெண்கழுகு விருதைக் கெட்ரோயிச் ஏற்க மறுத்தார். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 14இல் அவர் மறைந்தார். அவருடைய விருப்பின்படியே, 637 இதழ்களுடன் குல்துராவும் நிறைவுற்றது.

சுதந்திரமான சஞ்சிகை எது என்று என் மாணவர் வினவும்போது, முன்னர் நான் அரசையும் பணமுதலைகளையும் பற்றியே பேசுவேன். இப்பொழுது அவ்வாறு பேச நா எழுவதில்லை. அரசுக்கு அஞ்சாதவரும் தம் வாசகருக்கு அஞ்சுவர். அவ்வச்சத்துக்குப் பொறுப்புணர்வு என்று பெயரும் சூட்டிக்கொள்வர். நானும் அவ்வாறே செய்தேன். அக்கடிதத்தை எழுதியவர் அதன்பின் எமது சஞ்சிகைக்கு ஒருவரியேனும் எழுதியதில்லை. நாம் இழக்க அஞ்சிய வாசகர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது. இழந்துவிட்ட வாசகர் ஒருவரை மட்டும் நான் நன்கறிவேன்.