ஒரே கம்பியில் ஒரு நெடுங்கணக்கு

தமிழ் வீட்டில் ஊக்குக்கென்று தனி இடம் கிடையாது. தாலிக் கொடியில் இரண்டு, வளையலில் ஒன்று, பீரோவின் உள்ளறையில் பொத்தான்களோடு கிடக்கும் டப்பாவில் நாலைந்து, பள்ளிக்குப் போகும் சின்னப் பிள்ளையின் சட்டையில் கைக்குட்டையைப் பிடித்தபடி ஒன்று என்று சிதறியே இருக்கும். கேட்ட நேரத்தில் யாரிடமாவது கிடைத்துவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் 1849 ஏப்ரல் 10ஆம் தேதி இதற்குக் காப்புரிமை பெற்று, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரே கம்பி, நடுவில் ஒரு சுருள், ஒரு முனையில் கூர்மை, மறுமுனையில் அந்தக் கூர்மையை அடக்கும் மூடி. சுருள்தான் விசை, இரண்டு கைகளையும் எப்போதும் விலக்கப் பார்ப்பது அது. மூடி அந்த விலகலைத் தடுக்கிறது. இந்த ஊக்கை வைத்து ஒரு தமிழ் எழுத்துருவை வரைய முடியுமா என்பது சோதனை எழுத்துரு செய்பவர்களுக்குப் பிடித்த வகைக் கேள்வி. முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊக்கு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் அது எழுத்துருவாகும். அப்படி எடுத்த விதியும், எழுத்துக்கு எழுத்து வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் பணிந்து போக வேண்டும்.

பொருளின் தோற்றத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அச்செழுத்துகளே சாட்சி. பட்டை உரியாத மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று சாத்தி வைத்தாற்போன்ற ‘ரஸ்டிக்’ எழுத்துகளை அக்காலத்து லண்டன் வார்ப்பாலைகள் விற்றன. கணுவும் வெட்டுவாயும் தெரியும்படி கவனமாகச் செதுக்கியவை. ஆனால் அந்தக் கட்டைகளுக்கு அடியில் இருப்பது வழக்கமான ரோமன் எழுத்துதான். கட்டை அதற்குப் போட்ட வேஷம். கட்டையை எடுத்துவிட்டுக் கயிற்றை வைத்தாலும் எழுத்தில் ஒரு மாற்றமும் நேராது. இதைவிட நேர்மையான இன்னொரு வகை உண்டு. 1991இல் எரிக் வான் பிளாக்லண்ட் பழைய தட்டச்சுப்பொறி ஒன்றின் அழுக்கேறிய பதிவுகளிலிருந்து ‘டிரிக்ஸி’யை எடுத்தார். அடுத்த ஆண்டு யுஸ்ட் வான் ராசம் பெயர்ச்சீட்டுப் பொறி, ரப்பர் முத்திரை, அட்டைப்பெட்டி போன்றவற்றில் காணும் எழுத்துகளையே எழுத்துருக்களாக்கினார். இவை புழக்கத்தில் இருந்த எழுத்தை அப்படியே பதிவு செய்தவை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஏற்கனவே எழுதுகிற கருவிக்குத்தான் இந்த வழி பொருந்தும். எழுதவே தெரியாத ஊக்குக்கு இது உதவாது.

ஊக்குக்கு உதவுவது மூன்றாவது வழி. டச்சு வடிவமைப்பாளர் விம் குரோவல் 1967இல் வெளியிட்ட ‘நியூ ஆல்ஃபபெட்’ அதற்குத் தெளிவான உதாரணம். அப்போது வந்த மின்திரை அச்சுக்கோப்புப் பொறிகள் வளைவுகளைச் சிதைத்தன. பொறியைத் திருத்துவதற்குப் பதிலாக அவர் வளைவையே கைவிட்டார். நெடுக்கும் கிடக்கையும் மட்டும், மூலைகளில் சிறு சாய்வெட்டு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அந்த அகலத்தில் மூன்று கால் உள்ள ‘எம்’ நிற்காது என்பதால் ‘என்’ எழுத்தின் அடியில் ஒரு கோடிட்டு அதுவே ‘எம்’ என்றார். விதியை இம்மி பிசகாமல் நடத்தியதன் விலை அது: படிக்க முடியாது. இது புழக்கத்துக்கானதன்று, ஒரு கருத்து மட்டுமே என்பது அவருடைய நிலை. 1988இல் ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பின் அட்டைக்கு பீட்டர் சவிலும் பிரெட் விக்கன்ஸும் அதை எடுத்தபோது, வாசகர் கண்ணுக்காகச் சில எழுத்துகளை மாற்ற வேண்டியிருந்தது. ‘நியூ ஆல்ஃபபெட்’ 2011இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. ஆனால் அது ஊருக்குள் உலவியது இந்தத் திருத்தத்துக்குப் பிறகு, திருத்திய உருவில். எனக்கு அந்தத் திருத்தம் மூலத்தைவிட முக்கியமாகப் படுகிறது. விதி எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அது அச்சிட்டுக் காட்டியிருக்கிறது.

சரி, ஊக்கின் விதிகள் என்னென்ன? கம்பி ஒன்றே, நடுவில் அறுபடாது. தடிமன் எங்கும் ஒன்று. எஃகுக் கம்பி கூர்மையான மூலையில் மடங்காது. குறைந்தபட்ச வளைவு ஒன்று அதற்கு வேண்டும். திரும்பி வர வேண்டுமானால் சுருண்டுதான் வரும். இவற்றில் தடிமன் பற்றிய விதி தமிழுக்குப் புதிதன்று. எழுத்தாணி ஓலையைக் கீறும்போது கோடு மெலிந்தும் தடித்தும் போகாது. கீறிய பின் கரி தடவினால் ஒரே கனத்தில் கோடு எழும். தடிப்பும் மெலிவும் தமிழுக்குப் பெரும்பாலும் அச்சு வந்தபின் வந்த பழக்கம். ஆகவே ஒரே கன எழுத்தைப் பார்த்து இது மேல்நாட்டு நவீனம் என்று யாரும் பதற வேண்டியதில்லை. ஓலையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு விளக்கம் இருக்கிறது. நேர்க்கோடு போட்டால் ஓலை நாரோடு கிழியும், அதனால் தென்னாட்டு எழுத்துகள் உருண்டன என்பது. அதில் பாதியைத்தான் நம்பலாம். அதே ஓலையில் மலையாளமும் சிங்களமும் ஒடியாவும் தமிழைவிட நன்றாக உருண்டிருக்கின்றன. தமிழில் ட, ப, ம என்று நேர்க்கோடுகள் செங்கோணத்தில் நின்றுகொண்டே இருந்தன. ஓலை ஓர் எல்லையைப் போட்டது. அந்த எல்லைக்குள் எந்த வடிவம் என்பதை அந்தந்த எழுத்துமுறையே பார்த்துக்கொண்டது. ஊக்கிடமும் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

கம்பியில் முதலில் பார்க்க வேண்டியது ப, ம. கணினியில் வரைவதற்கு முன் கட்டுக்கம்பியையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு வளைத்துப் பார்ப்பது நல்லது; திரையில் எந்தக் கோடும் எதிர்ப்புக் காட்டாது. பகரம் இறங்கி, அடியில் ஓடி, மேலேறி நின்றுவிடுகிறது. மகரம் அதே வழியில் ஏறி, வளைந்து திரும்பி, அடிக்கோட்டில் வந்து அடைகிறது. பகரம் திறந்த ஊக்கு, மகரம் பூட்டிய ஊக்கு. இரண்டு எழுத்துக்கும் உள்ள வேறுபாடு கம்பியின் முனை விடுபட்டிருக்கிறதா அடங்கியிருக்கிறதா என்பது மட்டுமே. பொருள் நமக்குக் கற்றுத் தருவது இப்படிப்பட்ட இடத்தில்தான். இதை ஊக்கின் படத்தைப் பார்த்து வரைந்தவர் கண்டிருக்க மாட்டார். ஆனால் அதே எழுத்துகளில் சிக்கலும் தொடங்குகிறது. எஃகு செங்கோணத்தில் மடங்காது என்பதால் ட, ப, ம எல்லாவற்றின் மூலைகளும் மழுங்கும். மழுங்கினால் தமிழின் முகமே மாறும். சதுரமும் வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதுதான் தமிழ் அச்சுப் பக்கத்தின் அடையாளம்; எல்லாம் உருண்டால் தூரப் பார்வையில் மலையாளச் சாயல் வந்துவிடும். மூலையில் ஊக்கின் சுருளையே வைத்துத் திருப்பலாம் என்று தோன்றும். அது விபரீதம், ஏனென்றால் தமிழில் சுருள் வெறும் அலங்காரமில்லை. வழி, இரண்டு வளைவுகளை வைத்துக்கொள்வது. மூலைக்குக் கம்பி தாங்கும் மிகச் சிறிய வளைவு, வட்டத்துக்குப் பெரியது. ஒரே வளைவு என்ற விதி இங்கேயே போய்விட்டது. போகட்டும்.

சுருள் ஏன் அலங்காரமில்லை என்பது பள்ளிக்கூடத்தில் ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று சொல்லிக் கற்ற எவருக்கும் தெரியும். ஒரு சுழி குறைந்தால் திருமணம் திருமனம் ஆகிவிடும். ஊக்கு எழுத்துரு எங்கேயாவது பயன்படுமானால் அது கல்யாணப் பத்திரிகையாகத்தான் இருக்கும் என்பதால் இந்த ஆபத்து கற்பனையன்று. எ, ஏ வரிசைகளின் கொம்பிலும் இதே கதை. பழைய சுவடிகளில் குறிலா நெடிலா என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருந்தது. கொம்பின் மேலே ஒரு சுழியைக் கூட்டி அந்த ஊகத்துக்கு முடிவு கட்டிய பெருமையை மரபு வீரமாமுனிவருக்குத் தருகிறது. ஊக்கின் சுருள் இந்த இடங்களிலெல்லாம் தன் சொந்த வேலையைச் செய்கிறது. கம்பியை முறிக்காமல் திருப்புகிறது, திருப்பும்போதே எழுத்தை எழுத்திலிருந்து பிரிக்கிறது. ஆகவே சுழி எண்ணிக்கையில் பொருள் மாறும் இடங்களில் மட்டும் சுருளை முழு வட்டமாகக் காட்டி, மற்ற இடங்களில் வெறும் வளைவாக விடுவது நல்ல விதி. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் இடையில் அடியில் சாய்ந்து நிற்கும் அந்தச் சிறு கீற்றையும் இப்படியே காப்பாற்ற வேண்டும். அது போனால் கரம் காம் ஆகும். ‘ர்’ என்று தலையில் புள்ளி விழுந்தால் கீற்று இல்லாமலும் படித்துவிடுகிறோம், பழைய அச்சில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வெறும் ரகரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கம்பி முற்றிலும் தோற்கும் இடங்களும் உண்டு. புள்ளி ஓர் ஒட்டாத உடல். ஆய்தத்தில் மூன்று, ஈகாரத்தில் இரண்டு. அறுபடாத ஒற்றைக் கம்பியால் இவற்றைச் செய்ய முடியாது. தொல்காப்பியம் மெய்யெழுத்தின் இயல்பாகச் சொல்லும் புள்ளியையே விட்டுவிடலாம் என்றால், ஓலைக் காலத்து வாசகரின் பயிற்சியை இன்றைய வாசகரிடம் கேட்பதாகும். இதைச் சமாளிக்க ஒரு வழி, ஊக்கின் சுருளை நேர்முகமாகப் பார்த்தால் தெரியும் வளையத்தையே புள்ளியாக வைப்பது. அப்படிச் செய்தால் புள்ளியும் அதே பொருளிலிருந்து வந்ததாகிவிடும், கம்பி ஒன்றே என்ற விதி மட்டும் உடையும். கெ, கே, கை வரிசைகளில் கொம்பு முன்னால் தனியே நிற்பதால் எப்படியும் எழுத்துக்கு ஒரு கம்பி என்பது நடவாது. குறிக்கு ஒரு கம்பி என்று தளர்த்திக்கொள்ள வேண்டியதுதான். க, ச, த மூன்றும் தண்டைக் குறுக்கே கடக்கச் சொல்பவை. கடக்கும் இடத்தில் அடிக்கம்பியை இழை அளவு வெட்டிக் காட்டினால் மேல்கீழ் தெரியும். சிறிய அளவில் அச்சிட்டால் அந்த வெட்டு அடைபடும் என்பதால் பெரிய அளவுக்கு மட்டும் அதை வைத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவதில் மிகப் பழையதும் அழகானதும் பீயட்ரிஸ் வார்ட் 1930இல் லண்டனில் பேசியது. நல்ல அச்செழுத்து கண்ணாடிக் கிண்ணம் போலிருந்து உள்ளிருக்கும் மதுவை மட்டும் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். நாவலுக்கும் மருந்துச் சீட்டுக்கும் அது முழு உண்மை. ஊக்கு எழுத்தில் நானூறு பக்கம் அச்சிடுபவரை யாரும் மன்னிக்க வேண்டாம். ஆனால் இதழின் தலைப்பும் கடைப்பலகையும் நாடகச் சுவரொட்டியும் வாசகர் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்ள முடியாது. அவரை முதலில் நிறுத்த வேண்டும். இதைவிடக் கனமான எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருவது. நிம்மதியாகப் படிக்க ஏற்ற நூலெழுத்துகளே தமிழில் போதாதபோது ஊக்கோடு விளையாட நேரம் ஏது என்பது அது. குறை உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக வைப்பது சரியில்லை. கலிஃபோர்னியாவில் சுசானா லிச்கோ 1985இல் மெக்கின்டாஷ் திரையின் முரட்டுப் புள்ளிகளை விதியாக ஏற்று ‘ஓக்லண்ட்’, ‘எம்பரர்’ போன்ற எழுத்துருக்களைச் செய்தார். பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே அதே சிக்கன புத்தியில், அச்சுப்பொறியின் நினைவகத்துக்குச் சுமையில்லாதபடி மிகக் குறைந்த புள்ளிகளால் வரைந்த ‘மேட்ரிக்ஸ்’ வந்தது. அதன் நாற்பத்தைந்து பாகைச் சாய்வு முனைகள் பொறியின் வரம்பிலிருந்து பிறந்தவை. அந்த எழுத்துரு விளம்பரங்களிலும் அட்டைகளிலும் பரவலாகப் புழங்கியது. எழுத்தில் எது எலும்பு, எது உடை என்று அறிய விளையாட்டுதான் மலிவான வழி. மகரத்துக்கும் பகரத்துக்கும் உள்ள உறவைக் கம்பியில் கண்டவர் அதை நூலெழுத்து வரையும்போது மறக்கமாட்டார்.

கம்பி இன்னொரு பழைய வழக்கையும் தூசி தட்டுகிறது. 1935இல் குடி அரசில் பெரியார் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் ஒட்டிய வடிவங்களை நீக்கியது. அச்சுக்கோப்பவரின் பெட்டியிலும் தட்டச்சுப்பொறியிலும் ஒவ்வொரு ஒட்டிய வடிவமும் ஓர் இடத்தைத் தின்றது. அந்தக் காரணம் நியாயமானது, படிக்கும் பிள்ளைக்கும் சுமை குறைந்தது. ஆனால் லகரத்தின் தலையில் துதிக்கை போல் வளைந்து நின்ற பழைய லையும், வலப்பக்கம் சுருண்டு இறங்கிய பழைய ணாவும் கம்பிக்கு மிக இயல்பானவை. அறுபடாமல் போகின்றன. ஈயத்துக்குச் சுமையாக இருந்தது எஃகுக்கு வசதியாகிறது. உகர ஊகாரங்களும் இப்படியே. அவற்றையும் பிரித்துத் தனிக்குறி இட வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி போன்றோர் வாதாடினர், அது ஏற்கப்படவில்லை. பு, சு, வு நேரே இறங்குகின்றன. கு, மு, ழு சுற்றி வளைகின்றன. து, நு, லு சுழித்து மேலேறுகின்றன. கம்பி வளைப்பவருக்கு இவை மூன்று குடும்பங்கள், மூன்று அசைவுகள், குழப்பமில்லை. அதற்காகச் சீர்திருத்தத்தைத் திருப்ப வேண்டும் என்று இதிலிருந்து வாதாடுவது அசட்டுத்தனம். பாடநூல் ஊக்கால் எழுதப்படுவதில்லை. இன்றைய எழுத்துருக் கோப்பில் ஒரு குறிக்கு மாற்று வடிவம் வைக்க இடமிருக்கிறது. இயல்பாக 1978க்குப் பிந்தைய வடிவம் வரட்டும், விரும்புகிறவர் பழைய லையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். பழைய ணொவை மட்டும் அப்படிச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம். பின்பாதி எவ்வளவு அழகாகச் சுருண்டாலும் கொம்பு முன்னால் தனியே நிற்கிறது. கம்பி அங்கே முறிந்துதான் ஆக வேண்டும்.