ஆறு இலக்கம்

வாப்பாவின் வங்கிப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மட்டை கழன்று, ஓரங்கள் பொடிந்துவிட்டன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது, வாப்பா அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். 150 ரூபாவும் மாற்றுடுப்பும்தான் கொண்டுபோகலாம். உம்மாவின் சங்கிலியும் காப்பும் சோதனையில் போயின. வங்கிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பொடியன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதில் காசு இல்லை, எழுத்துத்தானே!

புத்தளத்து முகாமிலிருந்து பல மாதம் அலைந்து வாப்பா அந்தப் பணத்தை எடுத்தார். எங்கள் ஓலைக் கொட்டில் அந்தக் காசில்தான் எழுந்தது. "வீட்டில இருந்ததெல்லாம் போச்சு, பேங்கில இருந்தது மிஞ்சிச்சு" என்று மௌத்தாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கையில் வளர்ந்தவன் நான். யுத்தம் முடிந்து சோனகத் தெருவுக்குத் திரும்பிய பிறகு, உம்மா உம்ராவுக்கென்று தைத்துச் சேர்த்த 84,000 ரூபாவும் என்னுடைய கணக்கில்தான் கிடந்தது.

ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது கைத்தொலைபேசி அழைத்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் சேர்." நல்ல பணிவான குரல். என் பெயரும் என் வங்கியும் அவனுக்குத் தெரிந்திருந்தன. மீள்குடியேறியவர்களுக்கு ஓர் உதவித்தொகை வந்திருப்பதாகவும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னான். திரும்பி வந்த நாளிலிருந்து எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறோம், எத்தனை கடையில் அடையாள அட்டையைப் பிரதி எடுத்திருக்கிறோம்! எனக்குச் சந்தேகமே வரவில்லை. அட்டை இலக்கத்தைச் சொன்னேன். பிறகு குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வந்தது. அதையும் சொன்னேன்.

அந்தக் குறுஞ்செய்தியிலேயே "இதனை எவருக்கும் கூறாதீர்கள்" என்று எழுதியிருந்தது. பரீட்சை மண்டபத்தில் "கேள்வியை முழுசா வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ" என்று வருடம் முழுக்கக் கத்துகிற வாத்தியார் நான். இலக்கத்தை மட்டும் வாசித்தேன்.

ஓடிபி என்கிற அந்த ஆறு இலக்கம் வெறும் எண்ணல்ல, என் கையெழுத்து. அதைக் கொண்டு அவன் எனது கணக்கைத் தன் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டான். வங்கியைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் அவன்தான் நான். முந்தி ஒரு காசோலை மாற நாட்கள் எடுக்கும். இடையில் தடுக்க வழியிருந்தது. 2015இலிருந்து இலங்கையில் வங்கிக்கு வங்கி உடனடிப் பணமாற்றம் நடக்கிறது. காசு சில நொடியில் மாறிவிடும். போய்ச் சேர்ந்த கணக்கும் அவனுடையதல்ல. சில ஆயிரத்துக்குத் தன் கணக்கை 'வாடகைக்கு' விட்ட ஓர் இளைஞனுடையது.

வெட்கத்தில் அன்றிரவு யாரிடமும் சொல்லவில்லை. என் பிழைகளில் பெரியது அதுதான். வங்கியின் அவசர இலக்கத்துக்கு அப்போதே எடுத்திருந்தால் கணக்கையாவது முடக்கியிருக்கலாம்.

பெரிய வங்கிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2016 பெப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை எடுக்கக் கள்ளர்கள் கட்டளை அனுப்பினார்கள். பெட்டகத்தை உடைக்கவில்லை. அந்த வங்கியின் பெயரிலேயே அனுப்பினார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. நமது நாட்டு அறக்கட்டளை ஒன்றின் பெயருக்கு வந்த 2 கோடி டொலர் தப்பியது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்தது. இடையிலிருந்த டொய்ச்சே வங்கி நிறுத்தி விளக்கம் கேட்டது. ஒருவர் நின்று வாசித்தார், கேட்டார். நான் அதைச் செய்யவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மை விரட்டிய ஊராரின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரழி) அவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனார்கள். இதைப் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். உம்மாவின் காசு என் கையில் இருந்த அமானிதம் என்பது மட்டும் அன்று நினைவில் வரவில்லை. குரல் ஸலாம் சொன்னது, அது போதுமாயிருந்தது.

அடுத்த நாள் உம்மாவிடம் சொன்னேன். அவர் தையல் மெசினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்டைக்குத் துவக்கைக் காட்டி எடுத்தாங்க மகன். இண்டைக்கு ஸலாம் சொல்லி எடுத்திருக்காங்க. அவ்வளவுதான்."

இப்போது வகுப்பில் பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்கிறேன். வங்கி ஒருபோதும் அந்த ஆறு இலக்கத்தைக் கேட்காது. கேட்டால் வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். தொலைபேசியோடு இணைத்த கணக்கில் செலவுக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். உங்கள் கணக்கை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள், அடுத்தவரின் உம்ராக் காசு அதன் வழியாகப் போகலாம். ஏமாந்தால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

உம்மா மறுபடி சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். இம்முறை அவருடைய பெயரிலேயே கணக்கு, தொலைபேசி இணைப்பு இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஓட்டோவில் வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார். புதிய புத்தகத்தை வாப்பாவின் புத்தகத்துக்கு மேல் வைத்து அலுமாரியைப் பூட்டுவார். திறப்பை என்னிடம் தருவதில்லை. நானும் கேட்பதில்லை.