பதினேழு குதிரைகளின் தீனி

கோவையில் வேக வண்டிகளுக்கு இன்ஜின் வேலை பார்ப்பவன் நான். ஸ்விஃப்ட், போலோ ஜிடி, ஆக்டேவியா, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா வண்டி என்று எது பட்டறைக்குள் வந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "பவர் ஏத்துனா மைலேஜ் எவ்வளவுங்ணா அடி வாங்கும்?" பவர் கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூடியாக வேண்டும் என்ற நினைப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அது பாதிதான் சரி.

இதற்கு நான் எடுத்துப் போடும் உதாரணம் இரண்டு வெளிநாட்டு வண்டிகள். 1997-ல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்: 5.7 லிட்டர் வி8, 345 குதிரைத்திறன். இரண்டு வருஷம் கழித்து வந்த ஹோண்டா எஸ்2000: 2 லிட்டர், நாலு சிலிண்டர், 240 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் வரை கத்தும். ஹோண்டா ஏறக்குறைய 200 கிலோ எடை குறைவு. எது அதிகம் குடிக்கும் என்று கேட்டால் எல்லோரும் கார்வெட்டைத்தான் காட்டுவார்கள். நகருக்குள் அது சரி. நெடுஞ்சாலையில், அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி, கியர் போட்டு ஓட்டும் கார்வெட் கேலனுக்கு 28 மைல், ஹோண்டா 26. நம் கணக்கில் லிட்டருக்குப் பன்னிரண்டும் பதினொன்றும். இன்ஜின் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிது, பெட்ரோல் குறைச்சல்.

விஷயம் இதுதான்: சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்குக் காற்றையும் டயர் இழுவையையும் சமாளிக்க 13 கிலோவாட் போதும். 17 குதிரைத்திறன். 345 இருந்தாலும் சரி, 85 இருந்தாலும் சரி, சக்கரம் கேட்பது அந்தப் பதினேழைத்தான். அந்தப் பதினேழை எந்த இன்ஜின் எவ்வளவு பெட்ரோலில் தருகிறது என்பதில்தான் மைலேஜ் இருக்கிறது. உச்ச பவரை விளம்பரத்தில் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

ஒரு நல்ல பெட்ரோல் இன்ஜின் தனக்குத் தோதான இடத்தில் ஓடும்போது ஒரு யூனிட் வேலைக்கு, அதாவது வீட்டு மீட்டரில் ஓடும் அதே கிலோவாட்-மணிக்கு, 250 கிராம் அளவுக்குப் பெட்ரோல் எரிக்கும். அதே இன்ஜினை லேசான லோடில், தேவையில்லாத ஆர்பிஎம்மில் ஓட்டினால் 400 கிராமைத் தாண்டிவிடும். நம் 13 கிலோவாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 250 கிராமில் லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல், 400 கிராமில் 14. வண்டி அதே வண்டி, வேகம் அதே வேகம்.

லேசான லோடில் ஏன் இத்தனை வீண்? இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் போனால் கண்ணெதிரே தெரியும். கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் 96 கிலோபாஸ்கல். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்டுக்கொண்டு 60-ல் போகும்போது மேனிஃபோல்டுக்குள் நாற்பதுதான் காட்டும். த்ராட்டில் தட்டு முக்கால்வாசி மூடிக் கிடக்க, கீழே பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இழுத்துப் போராடுகிறது, நசுங்கிய ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி. அந்தப் போராட்டத்துக்கும் பெட்ரோல்தான் கூலி. இதே ரோட்டில் ஒரு கியர் மேலே போட்டு, அதே வேகத்துக்காகக் காலைச் சற்று அழுத்தினால் கேஜ் 55, 60 என்று ஏறும். கேஜ் ஏறினால் செலவும் ஏறும் என்றுதான் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் நினைப்பார்கள். பெட்ரோல் கணக்கு இறங்கும்.

கார்வெட்டின் ரகசியமும் இங்கேதான். அதன் ஆறாவது கியர் 0.50. நூறில் போகும்போது இன்ஜின் 1,400-ஐக்கூட எட்டாது. ஹோண்டாவோ அதே வேகத்தில், கடைசி கியரில், 3,200 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பதினேழு குதிரைத்திறனுக்கு வி8 தர வேண்டிய டார்க் 90 நியூட்டன்மீட்டர், அந்த ஆர்பிஎம்மில் அதனால் தர முடிந்ததில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஹோண்டா தருவது 38, தன்னால் முடிந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இன்ஜின் பெரிதாக இருந்தும், தர முடிந்ததில் பங்கு பார்த்தால் அதிக லோடில் ஓடுவது வி8-தான். அதோடு, பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் ஆர்பிஎம் ஏற ஏறத் தின்னும் உராய்வு கார்வெட்டில் குறைவு. ஹோண்டாவைக் குறை சொல்லவில்லை. உச்சியில் இன்ஜின் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்று கியரைக் குறுக்கி வைத்தவர்கள் தெரிந்தே செய்தார்கள். விலை பெட்ரோல் பங்க்கில் தெரிகிறது.

அடுத்தது வால்வுகளைத் திறக்கும் கேம். பழைய எஸ்டீம் 1.3 இன்ஜினின் ஒரிஜினல் கேம் ஷாஃப்ட்டையும் ரேஸுக்கு அரைத்ததையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், படிக்காத ஆள்கூட வித்தியாசம் சொல்லிவிடுவான். ஒன்றில் முனை கூர்மை. இன்னொன்றில் முனை அகன்று, தோள்கள் பருத்திருக்கும். சாதாரண கேம் இன்டேக் வால்வை 240 டிகிரி அளவுக்குத் திறந்து வைக்கும் என்றால் ரேஸ் கேம் 290-ஐத் தாண்டும். 7,000 ஆர்பிஎம்மில் காற்றுக்கு வேகம் இருக்கிறது, அந்த நீண்ட திறப்பில் சிலிண்டரை நிரப்பிவிடும். 2,000-ல் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது, உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி இன்டேக்குக்கே போய்விடும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த புகையும் பின்னால் வந்து கலக்கும். ஐடிலிங்கில் வண்டி குதித்துக் குதித்து நிற்பது இதனால்தான். அந்தச் சத்தத்துக்காகவே கேம் கேட்டு வருகிறார்கள். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு அதைப் போட்டுத் தர எனக்கு மனசு வராது.

ஹோண்டா இதற்கு விடெக் என்று வழி கண்டது. ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு வகை கேம். எஸ்2000-ல் 6,000 ஆர்பிஎம் வாக்கில்தான் பெரிய கேம் பிடிக்கும், அதற்குக் கீழே சாது. அந்த ஏற்பாடும் இல்லாமல் இருந்திருந்தால் 26 மைலைக் கனவில்தான் பார்த்திருக்க முடியும்.

டர்போ வண்டிகள் வேறு கதை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு அந்த இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். காலை முழுக்க அழுத்தினால் டர்போ சக்கரமும் பிஸ்டனும் சூட்டில் போய்விடாமல் இருக்க, கூடுதல் பெட்ரோலை ஊற்றிக் குளிரவைக்கும். விகிதம் பன்னிரண்டுக்கு, சில வண்டிகளில் அதற்கும் கீழே இறங்கும். இந்த விகிதத்தைக் காட்டும் லேம்டா மீட்டரில் அந்த எண் சரியும்போது பார்த்தால் வயிற்றைக் கலக்கும். எரிய முடியாத பெட்ரோல் வெறும் குளிர்ச்சிக்காகப் புகைக் குழாய் வழியே போகிறது. போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ மாதிரி சின்ன டர்போ இன்ஜின்களில் ஒருவர் மைலேஜுக்கும் இன்னொருவர் மைலேஜுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வருவது இதனால்தான். பொறுமையாக ஓட்டுபவருக்குச் சின்ன இன்ஜின், அவசரக்காரருக்குப் பெரிய இன்ஜின். பெரிய இன்ஜினின் பசியோடுதான்.

கம்ப்ரஷன் கூடக் கூட ஒரே பெட்ரோலில் அதிக வேலை வாங்கலாம் என்பது நூற்றாண்டுப் பாடம். தடை, நாக்கிங்: கலவை நேரம் தவறித் தானாக வெடித்துத் தட்டுவது. 20 சதவீத எத்தனால் வருவதற்கு முன் நம் ஊர் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். 95-க்குச் செய்த இன்ஜினில் அதை ஊற்றினால் தட்டும் சத்தத்தை சென்சார் கேட்டு ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வண்டி பத்திரம், ஆனால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சருக்குப் போகும். இப்போது 20 சதவீத எத்தனால் வேறு. லிட்டருக்கு லிட்டர், எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6, 7 சதவீதம் குறைவு. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பது உண்மை. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் கம்ப்ரஷனும் ஈசியு மேப்பும் இருந்தால்தான் அதனால் லாபம்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8-ன் ரோட்டரி இன்ஜினைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: எரியும் அறை நீளமாகத் தட்டையாக இருப்பதால் சூட்டைச் சுவரே தின்றுவிடும், எந்த டியூனிங்கும் அதைக் காப்பாற்றாது.

வேகமும் சிக்கனமும் பகை என்று சொல்பவர்களுக்கு ஃபார்முலா ஒன் பதில். 2014-ல் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பெட்ரோல் இன்ஜினுக்குள் போகக்கூடாது என்று விதி வந்தது. மெலிந்த கலவை, உயர்ந்த கம்ப்ரஷன், டர்போவின் வீண் சூட்டிலிருந்து மின்சாரம் என்று போய், 2017-ல் மெர்சிடிஸ் தன் இன்ஜின் டெஸ்ட் பெஞ்சில் 50 சதவீத வெப்பத்திறனைத் தாண்டியதாக அறிவித்தது. முழு லோடில் கிடைத்த எண் அது. அதே இன்ஜினைக் காந்திபுரம் சிக்னலில் நிறுத்தினால் அந்தப் பெருமையெல்லாம் அங்கே செல்லாது.

ஆகவே ஈசியு மென்பொருளை மட்டும் மாற்றும் ஸ்டேஜ் ஒன் மேப் போட்டால் பவரும் ஏறும், மைலேஜும் ஏறும் என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள். எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு லோடில் என்று மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.